கரிசல் தூசி, உப்புத் தண்ணீர், ஒரு பழைய டைரி

கார் வேலை பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எங்கே போய்ச் சேரலாம்?" என்றுதான். விருதுநகர், சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கான பதில் சொந்த ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைப் பார்த்துப் பழகி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த பட்டாசும் அச்சும் ஊருக்குள் பரவியதும் இதே வழியில்தான். ஒருவர் செய்வதை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்தார், கேட்டார், தானும் செய்தார், கெட்டுப்போனால் திரும்பச் செய்தார். கார் வேலையும் இப்படித்தான் கைக்கு வரும்.

மோட்டார் வேலையை இப்படிக் கற்றவர்களில் தமிழ்நாட்டுக்குத் தலைமகன் கோவை ஜி.டி. நாயுடு. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அந்த வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். எது எதற்கு என்று பார்த்துப் பார்த்து மறுபடி பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவர், சில ஆண்டுகளிலேயே பெரிய பஸ் நிறுவனத்தின் சொந்தக்காரர் ஆனார். பொறியியல் படிக்க நான்கு வருடம் எதற்கு, அதற்குள் பாதிக் காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று கடைசிவரை வாதாடியவர் அவர்.

இந்தக் கதையைப் படித்த வேகத்தில் வீட்டு வாசலில் நிற்கும் காரைக் கழற்ற ஆரம்பித்துவிடக் கூடாது. நாயுடு பிரித்த வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது. பழைய அம்பாசிடரிலும் கிடையாது, முதலில் வந்த மாருதி 800-லும் கிடையாது. இந்த வட்டாரத்துப் பழைய மெக்கானிக்குகள் கை பழகியதெல்லாம் கார்புரேட்டரும் காண்டாக்ட் பாயின்ட்டும் இருந்த அந்த மாதிரி வண்டிகளில்தான். இஞ்சினைச் சுற்றி இடம் இருந்தது. எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 வண்டிகள்தான் விற்பனைக்கு வருகின்றன. பானட்டைத் திறந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, கீழே ஒயர்கள், சென்சார்கள். புதிதாகப் பழக வருகிறவர் மலைத்து மூடிவிடுவதில் ஆச்சரியமில்லை.

அப்படி மலைக்கத் தேவையில்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்த செய்தி. காரின் உள்ளே என்ன மாறியிருந்தாலும், அதைக் கெடுக்கிற சங்கதிகள் இந்த மாவட்டத்தில் மாறவில்லை. வெயில், தூசி, உப்புத் தண்ணீர். இந்த மூன்றும் தன் காரை என்ன செய்கின்றன என்று கவனிக்கத் தொடங்கினாலே பாதி வேலை பழகிவிடும். கழற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். விருதுநகர் சுற்றுவட்டாரத்தில் போர் தண்ணீரின் குணம் எல்லோருக்கும் தெரியும். குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். வாளியின் உள்பக்கம் காரை கட்டும். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அங்கே மட்டும் படியாமல் இருக்குமா? ரேடியேட்டரின் உள்ளே இருப்பவை மெல்லிய குழாய்கள். உப்பு படியப் படிய வழி குறுகும், வெப்பம் வெளியே போவது குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு சாத்தூர் பக்கம் நான்குவழிச் சாலையில் போகும்போது ஊசி சிவப்பைத் தொடும். வண்டி அப்போதுதான் கெட்டது போலத் தெரியும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பு யாரோ அவசரத்துக்கு ஊற்றிய ஒரு குடம் தண்ணீரில் ஆரம்பித்த கோளாறு அது. குடிக்கிற தாமிரபரணித் தண்ணீரும் இதற்கு ஆகாது. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்ததுதான் ஊற்ற வேண்டும். எந்த அளவில் கலப்பது என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். கலந்தே வரும் கூலண்டும் கடையில் கிடைக்கிறது.

கூலண்ட் அளவைப் பார்க்க ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். பக்கத்தில் வெள்ளை நிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். சூடான இஞ்சினில் மூடியைத் திறப்பது மிக ஆபத்தான காரியம். மூடிய அமைப்புக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் பீய்ச்சும். சாலையோரத்தில் இப்படி வெந்துபோன கைகளும் முகங்களும் உண்டு. அரைமணி நேரத்துக்கு மேலேயே காத்திருந்து, கை வைத்தால் சுடாத நிலை வந்த பிறகுதான் தொட வேண்டும்.

அடுத்தது தூசி. கரிசல் மண் மழையில் காலைப் பிடித்து இழுக்கும், கோடையில் மாவாகப் பறக்கும். காற்று மூச்சுக்குழலுக்குள் போவது போல இஞ்சினுக்குள்ளும் போகிறது. அதோடு வரும் தூசியைத் தடுத்து நிறுத்துவது ஏர் பில்டர் என்னும் மடிப்பு மடிப்பான காகிதம். புதிதாகப் பழகுகிறவர் தன் கையால் கழற்றிப் பார்க்க வேண்டிய முதல் பாகம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். பல கார்களில் ஸ்பானரே தேவையில்லை. கறுப்பு டப்பாவின் நான்கு கிளிப்பைத் தட்டிவிட்டால் மூடி திறக்கும். பில்டரை வெளியே எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். புதிதாக இருந்தால் மடிப்புக்கு இடையே வெளிச்சம் கசிந்து தெரியும். அருப்புக்கோட்டைப் பக்கம் மண்பாதையில் ஓடிய வண்டியென்றால் ஒரு பக்கம் பழுப்பேறி, தட்டினால் மாவு கொட்டும். தண்ணீரில் அலசக் கூடாது. காகிதம் ஊறிக் கெட்டுவிடும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கழற்றும் முன்பே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பழக்கம் பின்னால் பெரிய வேலைகளிலும் கைகொடுக்கும். கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்கு சாதாரணச் சாலைக்கானது. தூசி நிறைந்த இடத்தில் ஓடும் வண்டிக்கு முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்று அதே கையேடே சொல்லும், அந்தப் பக்கத்தைத்தான் யாரும் புரட்டுவதில்லை.

வெயில் முதலில் அடிப்பது பேட்டரியையும் டயரையும். குளிர் நாடுகளில் பேட்டரி பனிக்காலத்தில் மக்கர் செய்யும். இங்கே ஆயுளைக் குறைப்பது கோடை. மின்சாதனக் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் பேட்டரியின் இரு முனையிலும் வைத்துப் பார்த்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் சார்ஜ் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் குறை ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கலாம், புதுப் பேட்டரி வாங்கிப் பயனில்லை. இந்த மூன்று எண்களைத் தெரிந்துகொண்டவர் தேவையில்லாமல் பேட்டரி மாற்றிப் பணத்தை விடமாட்டார்.

டயரின் பக்கவாட்டில் நிறைய எழுத்துகள் இருக்கும். அதில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் தனியாகத் தெரியும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்த டயர். பழைய கார் வாங்கப் போகிறவர் இது ஒன்றைப் பார்த்தாலே "டயர் புதுசு" என்ற பேச்சு எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும். தடத்தின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் உண்டு. தேய்ந்து தேய்ந்து தடம் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், டயரை மாற்றியாக வேண்டும். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அது குளிர்ந்த டயருக்கான கணக்கு. மதியம் இரண்டு மணிக்கு மதுரையிலிருந்து ஓடி வந்த டயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்து கிடக்கும்.

ஸ்டெப்னி மாற்றுவதை வீட்டு முற்றத்தில் ஒருமுறையாவது பழகிவிட வேண்டும். ராத்திரி நேரத்தில் நெடுஞ்சாலையோரம், லாரிகள் உரசிப் போகும் இடத்தில் முதல்முறையாகப் பழகுவது சரியல்ல. சமதளமான இடம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் வண்டி ஆடும். ஜாக்கியை எங்கே வைப்பது என்று கையேட்டில் படம் இருக்கிறது. கதவுக்குக் கீழே விளிம்பில் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும், அந்த இடம்தான். வேறிடத்தில் வைத்தால் தகடு நசுங்கும். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முடுக்கக் கூடாது. ஒன்றை முடுக்கினால் அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது. அப்போதுதான் சக்கரம் கோணாமல் உட்காரும். ஸ்பானர் மேல் ஏறி மிதிப்பது நம் ஊரில் பரவலான வழக்கம். அதனால் போல்ட்டின் மரை போய்விடும். சிறிய கார்களுக்கு 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரைதான் முறுக்கு வேண்டும். சரியான எண் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் டயர் கடையில் ஒருமுறை அந்த அளவுக்கு முடுக்கிப் பார்த்தால் கைக்குக் கணக்குப் பிடிபடும்.

ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. செங்கல்லையும் கருங்கல்லையும் அண்டை கொடுத்துவிட்டு உள்ளே புகுகிறவர்கள் இருக்கிறார்கள். செங்கல் சொல்லிக்கொண்டு உடையாது. அடியில் வேலை பார்க்க வேண்டுமென்றால் இரும்பு ஸ்டாண்டு வேண்டும், அது இல்லையென்றால் அந்த வேலை அன்றைக்கு வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் பட்டாசு வட்டாரத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. உராய்வு, பொறி, சூடு மூன்றும் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருந்து செலுத்தும் அறைக்குள் நுழையும் முன் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். இரும்புக் கருவிக்குப் பதிலாகப் பித்தளை, மரக் கருவிகள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. அந்தக் கவனத்தை அப்படியே காருக்குக் கொண்டுவரலாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதன் பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கும், அமிலம் தெறிக்கும். அதனால்தான் பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் எடுக்க வேண்டும். காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது. பாசிட்டிவ்வை முதலில் தளர்த்தும்போது ஸ்பானர் தவறிப் பக்கத்துத் தகட்டில் பட்டால் பொறி பறக்கும். நெகட்டிவ் முதலில் கழன்றுவிட்டால் அந்தப் பயம் இல்லை. மாட்டும்போது நேர் எதிர் வரிசை: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கையில் மோதிரமோ சங்கிலியோ இருந்தால் கழற்றி வைத்துவிட வேண்டும். தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரு முனைக்கும் நடுவில் சிக்கினால் நொடியில் பழுத்துவிடும்.

இன்னொன்றும் இந்த வட்டாரத்துக்கு முக்கியம். கார் ஓடி நின்றதும் அடியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். காய்ந்த புல்லின் மேலோ, காகிதக் குப்பை மேலோ அந்த வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். அச்சகக் கழிவும் சருகும் கிடக்கும் காலி மனைகளில் வண்டியை ஓரங்கட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். டீசல் பி.எஸ். 6 காரில் இதற்கு மேல் ஒரு சங்கதி உண்டு. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் பில்டர் ஒன்று சைலன்சர் வழியில் இருக்கிறது. கரி நிறைந்ததும் வண்டியே அதை 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் இடையே மட்டும் போய்வரும் வண்டியில் அந்த வாய்ப்பே கிடைக்காது, எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது பல வண்டிகளுக்கு மருந்து, விருதுநகர் தாண்டி நான்குவழிச் சாலையில் ஒரு நீண்ட ஓட்டம். அதற்கும் அணையாவிட்டால்தான் வொர்க்‌ஷாப்.

வொர்க்‌ஷாப்புக்குப் போவதிலும் ஒரு கல்வி இருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதற்குப் பதிலாக, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய் நிற்க வேண்டும். "அண்ணாச்சி, கழட்டுன பழைய பேடைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டால் நல்ல மெக்கானிக் யாரும் மறுப்பதில்லை. தேய்ந்த பிரேக் பேடையும் புதியதையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தால் தேய்மானம் என்ன என்பது உடனே விளங்கும். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிரேக் ஆயிலைப் பற்றியும் கேட்கலாம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிதாக இருக்கும்போது டாட் 4 வகை ஆயில் 230 டிகிரிவரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். சமவெளியில் இது தெரியாது. கொடைக்கானல் போய்விட்டு மலை இறங்கும்போது பிரேக் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். வேலை நடக்கும்போது மெக்கானிக்கின் கையை மறைத்துக்கொண்டு நிற்காமல், சந்தேகத்தை டீ குடிக்கும் நேரத்தில் கேட்டால் அவரும் மனம்விட்டுச் சொல்வார். பார்த்துக் கற்றுக்கொண்டதற்காகக் கூலியில் பேரம் பேசுவது மட்டும் நியாயமில்லை.

இந்த ஷெட்டுகளில் கைதேர்ந்த பலர் சின்ன வயதிலேயே எடுபிடியாக வந்தவர்கள். டீ வாங்கிவந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, டீசலில் பாகங்களைக் கழுவி, அடி வாங்கி, வேலை படித்தவர்கள். அவர்கள் கையில் இருக்கும் வித்தை பெரியது. அதற்காக இழந்த பள்ளிக்கூடமும் பெரியது. சிவகாசிப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை பார்த்ததை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. குழந்தையை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் கூடாது என்கிறது. மெக்கானிக் ஷெட்டும் அதில் அடக்கம். "பையன் படிக்க மாட்டேங்கிறான், ஷெட்டில் விட்டாலாவது தொழில் படிப்பான்" என்று இன்றும் சொல்லும் பெற்றோர், பத்தாம் வகுப்பை முடிக்க வைத்துவிட்டு ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதுதான் பிள்ளைக்கு நல்லது. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாயும் சேரும். விருதுநகரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. மேலே படிக்க, 1958 முதல் நடந்துவரும் வெள்ளைச்சாமி நாடார் பாலிடெக்னிக்கும் அதே ஊரில்தான் இருக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு, உலகின் முதல் நீண்ட கார்ப் பயணத்தைச் சொல்ல வேண்டும். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸைமுக்குக் காரோட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தி அடைப்பெடுத்தார். ஒயர் உரிந்த இடத்தைக் காலுறைப் பட்டையால் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது வழியிலிருந்த செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடித்துக்கொண்டார். எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக்கடையில். காரில் ஊர் விட்டு ஊர் போன முதல் ஆளே வழியில் ரிப்பேரும் பார்த்த பெண்தான்.

கம்ப்யூட்டருக்கு வருவோம். 2013-க்குப் பிறகு இந்தியாவில் வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கத்தில் ஒரு சாக்கெட் இருக்கும். சின்ன புளூடூத் ஸ்கேனரைச் செருகிவிட்டால் போனிலேயே வண்டியின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கலாம். பி0300 என்று வந்தால் சிலிண்டர்களில் எரிதல் ஒழுங்காக நடக்கவில்லை என்று பொருள். ஏன் நடக்கவில்லை என்பதை ஸ்கேனர் சொல்லாது. ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். குறியீட்டைப் பார்த்ததுமே பாகத்தை வாங்கிவிடுகிறவர் மாற்றிக்கொண்டே இருப்பார். பிளக்கைக் கழற்றி அதன் முனை கரியேறியிருக்கிறதா, எண்ணெய் படிந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் காரணத்துக்குப் பக்கத்தில் போவார். யூடியூபில் தமிழிலேயே நல்ல மெக்கானிக்குகள் நிறையச் சொல்லித் தருகிறார்கள். எந்த வீடியோவைப் பார்த்தாலும் அது அதே மாடல், அதே வருடத்து வண்டிதானா என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

கருவி வாங்குவதில் அவசரம் வேண்டாம். 10, 12, 14, 17 அளவு ரிங் ஸ்பானர்கள், இரண்டு திருப்புளி, கட்டிங் பிளேயர், மல்டிமீட்டர், காற்று அளக்கும் கேஜ், நல்ல டார்ச். மாருதி, டொயோட்டா வண்டிகளில் பெரும்பாலும் இந்த அளவுகள் போதும். டாடா, மஹிந்திராவுக்கு 13-ம் 19-ம் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி சிவகாசியில் அச்சாகி, வருடம் பிறந்ததும் கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் டைரி. போன வருட டைரியில் காலிப் பக்கம் எத்தனையோ கிடக்கும். தேதி, கிலோமீட்டர், என்ன பார்த்தது, என்ன மாற்றியது, என்ன விலை என்று எழுதிக்கொண்டே வந்தால் ஒரு வருடத்தில் அந்த வண்டியின் குணம் எழுத்தில் வந்துவிடும். ஆயில் டிப்ஸ்டிக்கில் மட்டம் மாதாமாதம் இறங்குகிறதா என்பதை ஞாபகத்தில் வைத்திருக்க முடியாது, டைரி சொல்லிவிடும். மெக்கானிக்கிடம் "முன்ன மாதிரி இல்லை" என்று சொல்வதற்கும், "போன சர்வீசிலிருந்து 3,000 கிலோமீட்டரில் அரை லிட்டர் ஆயில் குறைந்திருக்கிறது" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

வீட்டில் தொடக் கூடாதவையும் உண்டு. ஏர்பேக், ஏசி கேஸ், பெட்ரோல் லைன், ஸ்டீயரிங். பிரேக் வேலையை அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்காமல் செய்யவே கூடாது. ஆயில் மாற்றுவதைக்கூட ஷெட்டில் நின்று பார்த்துப் பழகுவதே மேல். வீட்டில் மாற்றினால் கழிவு ஆயிலை என்ன செய்வது என்ற கேள்வி வரும். வாய்க்காலிலோ கண்மாய்க் கரையிலோ ஊற்றினால் அது குடிதண்ணீரில்தான் போய்ச் சேரும்.

எலக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் தெரிந்தால் அவற்றின் பக்கமே போக வேண்டாம். அதில் ஓடுவது சில நூறு வோல்ட். அதற்கென்று பயிற்சியும் கையுறையும் இல்லாமல் யாரும் அதைத் தொடுவதில்லை. தூத்துக்குடியில் வின்பாஸ்ட் நிறுவனத்தின் எலக்ட்ரிக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. விருதுநகரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்வந்துவிடக்கூடிய தூரம். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தரம் உயர்த்திய திட்டத்தில் எலக்ட்ரிக் வாகனப் பயிற்சியும் வந்திருக்கிறது. கார்புரேட்டர் காலத்து அண்ணாச்சிகள் சிலர், இனிமேல் நமக்கு வேலை இருக்காது என்று சொல்லிக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. எலக்ட்ரிக் காரிலும் டயர் தேயும், சஸ்பென்ஷன் புஷ் போகும், பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும், விளக்கு எரியவும் ஹாரன் ஒலிக்கவும் 12 வோல்ட் பேட்டரி இருக்கும், பல மாடல்களில் பேட்டரித் தொகுப்பைக் குளிர்விக்கவே கூலண்ட் ஓடும். அந்தக் கூலண்ட் டப்பாவிலும் போர் தண்ணீரை ஊற்றக் கூடாது. அதற்கென்று கம்பெனி சொல்லும் கூலண்ட் தனி. எதை ஊற்ற வேண்டும் என்பது அந்த வண்டியின் கையேட்டிலும் இருக்கிறது.